கறுப்பு வண்டியில் விழுந்த வளையங்கள்

பிரபாகரன் பெண்டாட்டியை அடிப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுவான். கண்ணாடியில் கீறல் விழுந்துவிடுமாம். ஐந்து வருஷமாக இதுதான் வழக்கம். அன்றைக்கு ஆலங்குளத்தில் வீட்டு வாசலில், தெருவே பார்க்க அடித்ததால் கடிகாரத்தை வைக்க இடமில்லை. மூன்று வயசு மகள் பானுவின் கையில் கொடுத்து, "கீழ போட்டுறாத தாயி" என்று கொஞ்சிச் சொல்லிவிட்டு வந்து அடித்தான். பிள்ளை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது. அழக்கூட இல்லை. அழுதால் கடிகாரம் விழுந்துவிடும் என்று அதற்குப் பயம்.

செல்வலட்சுமியின் கொண்டையைப் பிடித்து இழுத்து, காரின் பானெட்டில் அவள் முகத்தை வைத்து அழுத்தினான். "பாருடீ. நல்லாக் கண்ணத் தொறந்து பாரு."

பத்து மணி வெயிலில் தகரம் கொதித்தது. ஒரு கண் ஏற்கெனவே வீங்கிவிட்டதால் மற்றதைத் திறந்து பார்த்தாள். கறுப்புப் பெயிண்ட்டில் சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை கட்டிய மாதிரி வளையம் வளையமாக மெல்லிய கீறல்கள். பானெட்டில் மட்டுமல்ல, கதவு, டாப், டிக்கி எல்லா இடத்திலும்.

அவள் கை வேலைதான். இல்லையென்று சொல்ல முடியாது. ஆயுதபூஜைக்கு வண்டி முழுக்கச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, விபூதிப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து ஜோடித்தவன் பிரபாகரன். இரண்டு நாள் கழித்து, "காஞ்சு போய்க் கிடக்கு, தொடச்சு வையி" என்று சொல்லிவிட்டு வெளியூர் போனவனும் அவன்தான். அவள் வேலை பார்த்த வெடிக் கம்பெனியில் கை துடைக்க வேஸ்ட் துணி கொடுப்பார்கள். வெடிமருந்து படிந்த துணியை அந்த வட்டாரத்துப் பொம்பளைகள் தூர எறியமாட்டார்கள். நாலைந்து தண்ணீரில் அலசி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படிக்கு வைத்துக்கொள்வார்கள். துவைக்கத் துவைக்கப் பூப்போல ஆகிவிடும். வண்டிக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று அதில்தான் நல்லதாக ஒன்றை எடுத்தாள். எத்தனை தண்ணீரில் அலசினாலும் இழைக்குள் மருந்து மணி உட்கார்ந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? காய்ந்த சந்தனத்தின் மேல், ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்காமல், தட்டு துலக்குகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்து எடுத்தாள். தேய்த்து முடித்து அழகு பார்க்க வேறு செய்தாள், பாவி மகள்.

வீட்டு நிழலில் ஒன்றும் தெரியவில்லை. தீபாவளி முடிந்து முதல் முகூர்த்தத்துக்கு வண்டியை வாடகைக்கு விட்டபோது, வீடியோக்காரன் விளக்கைத் தூக்கிப் பிடித்ததும் மொத்தக் கல்யாண மண்டபமும் பார்த்துவிட்டது. "என்னப்பா, வண்டிய உப்புத்தாள் போட்டுத் தேச்சியா?" என்று பெண் வீட்டார் சிரித்திருக்கிறார்கள். செகண்ட் ஹாண்டில் வாங்கிய அந்த வண்டிக்கு செல்வலட்சுமி கழுத்து நகைதான் போயிருந்தது. ஆனாலும் அது அவன் வண்டி. அவனுக்கு அதில் உயிர்.

அடித்து ஓய்ந்தபிறகு அவளைப் பின்சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினான். பிள்ளையைத் தன் அம்மா ராமுத்தாயிடம் விட்டுவிட்டு, கூட்டாளி ஒருவனைப் பைக்கில் பின்னால் வரச்சொல்லி, திருத்தங்கல்லில் அவள் பிறந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து காரை நிறுத்தினான். சாவியை அவள் மடியில் எறிந்தான்.

"வியாழக்கிழமை விருதுநகர்ல கல்யாணத்துக்கு வண்டி போகணும். புதன்கிழமை நாலு மணிக்கு வருவேன். ஒரு கோடு தெரியக்கூடாது. தெரிஞ்சுதுன்னு வையி, பானுவ மறந்துரு. திருப்பூர்ல எங்க அக்காவுக்குப் பிள்ளை இல்ல, எத்தனையோ நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கா. அங்கன அனுப்பிருவேன். அம்புட்டு பெரிய ஊர்ல போய் எந்தத் தெருவுலன்னு தேடுவ?"

"வண்டிய நீட்டாக்கிட்டா பிள்ளையத் தந்துருவீகளா?"

"வண்டியப் பொறுத்து."

கூட்டாளியின் பைக்கில் ஏறிப் போய்விட்டான். சொன்னதைச் செய்கிறவன் அவன். கெட்டதாக இருந்தால் கண்டிப்பாகச் செய்வான். இன்றைக்குத் திங்கள். இடையில் முழுசாக ஒரு நாள்தான் இருந்தது.

அண்ணன் சங்கிலிமுத்து திருத்தங்கல்லில் ஒரு பிரஸ்ஸில் காகிதக் கட்டுச் சுமக்கிற லோடுமேன். விஷயம் கேள்விப்பட்டு மூச்சிரைக்க ஓடிவந்தான். தங்கச்சி முகத்தைப் பார்த்தான். வீட்டுக்குள் போய் எரவாணத்தில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு வந்தான்.

அவள் வாசலை மறித்து நின்றாள். "போன தடவ அவர நீ அடிச்ச. அந்தாளு உன்னை என்ன பண்ணுனாரு? ஒண்ணும் பண்ணல. எனக்குத்தான் ரெண்டு பல்லு போச்சு."

"இந்தத் தடவ அடிக்கிறதுக்கு அவனுக்குக் கை இருக்காது."

"நீ ஜெயிலுக்குப் போ. பிள்ளை திருப்பூருக்குப் போகட்டும். நான் எங்க போக?"

அரிவாளைக் கீழே போட்டுவிட்டுத் தலையிலடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "ஒரு தகர டப்பாவுக்கா தாயி இம்புட்டும்" என்றான். அவனுக்கு அழுகை வந்தால்கூடக் கோபமாகத்தான் வரும். எழுந்து போய்ச் சுவரைக் குத்திக் கை முட்டியை உடைத்துக்கொண்டான்.

செல்வலட்சுமி முகத்தைக் கழுவி, சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு விருதுநகர் பஸ்ஸில் ஏறினாள்.

மதுரை ரோட்டில் கார் பெயிண்ட் கடை ஒன்று இருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த அருணாதேவிக்கு இவள் வயசுதான் இருக்கும். காரியாபட்டிப் பக்கம் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். கடையை அவள்தான் கட்டி ஆள்கிறாள் என்பது நகத்திலிருந்த பெயிண்ட் கறையிலேயே தெரிந்தது.

"கார்ல வட்டம் வட்டமாக் கீறல் விழுந்துருச்சுங்க. அத எடுக்கணும். உங்ககிட்ட இருக்கிறதுலயே எது கடுசோ அதக் குடுங்க."

அருணாதேவி அவள் முகத்தை ஒரு முறை பார்த்தாள். கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு வேறு கேட்டாள். "கீறல்ல நகத்த வச்சு இழுத்தா நகம் மாட்டுதா?"

"மாட்டல. வெயில்ல மட்டுந்தான் தெரியுது."

"அப்பத் தப்பிச்சீக. மேல்பூச்சோட நின்னுருச்சு. பெயிண்ட்டுக்கு மேல கண்ணாடியாட்டம் ஒரு பூச்சு இருக்கும், காகிதத்தவிட மெல்லிசு. நீங்க கீறல எடுக்கப் போறதில்ல. கீறலச் சுத்தி இருக்கிற பூச்சத் தேச்சு, கீறல் மட்டத்துக்கு இறக்கப் போறீக. அம்புட்டுதான் வேலை. கடுசானதக் குடுன்னு எல்லாருமே வந்து கேக்காக. கடுசு நல்லாத்தான் தேய்க்கும். பூச்சையும் சேத்துத் தேச்சுத் தின்னுரும். போச்சுன்னா மறுபடி பெயிண்ட்தான் அடிக்கணும்."

செல்வலட்சுமி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ரெண்டு நாளில் எங்கே பெயிண்ட் அடிக்க?

அருணாதேவி மேஜையின் மேல் மூன்று வட்டப் பஞ்சுகளை எடுத்து வைத்தாள். "இது கம்பளிப் பஞ்சு. இதத் தொடாதீக. தொழில் தெரிஞ்சவனே ஓரத்துல வச்சு எரிச்சுப்புடுவான். இது மஞ்சள், கொஞ்சம் விறைப்பு. இந்தக் கறுப்பு இருக்கே, அமுக்கிப் பாருங்க, இட்லி மாதிரி அமுங்கும். புதுசா ஆரம்பிக்கிறவுக இதுலதான் ஆரம்பிக்கணும். பாலிஷும் ரெண்டு தாறேன். ஒண்ணு சன்னம், ஒண்ணு நடுத்தரம். மொதல்ல சன்னத்தக் கறுப்புல போட்டு, ஒரு முழத்துக்கு ஒரு முழம் மட்டும் தேச்சுப் பாருங்க. கீறல் போயிருச்சா, வண்டி முழுக்க அதே போதும். போகலயா, பஞ்ச மாத்தாதீக. பாலிஷ மட்டும் ஒரு படி ஏத்துங்க. அதுக்கும் அசையலேன்னாத்தான் மஞ்சள். ரெண்டையும் ஒண்ணா மாத்துனா எது வேலை செய்யுதுன்னு உங்களுக்கே தெரியாது."

"கையாலயே தேய்க்கலாமா?"

"தேய்க்கலாம், தோள்பட்டை கழண்டுரும்." உள்ளே போய் ஒரு மெஷினைக் கொண்டுவந்தாள். "எங்க வீட்டுக்காரரு சென்னையில இருந்து கொண்டாந்தது. இது சும்மா சுத்தாது. சுத்திக்கிட்டே ஆடும். அழுத்துனா சுத்தல் நின்னுரும், அதனால பழகாத கையில குடுத்தாலும் பூச்சத் தின்னாது. எடுத்துட்டுப் போங்க, வேலை முடிஞ்சதும் கொண்டாங்க."

"என்னைய முன்னப்பின்ன தெரியாதே உங்களுக்கு."

"தெரிஞ்சவுகளுக்குக் குடுத்து எது திரும்பி வந்துச்சு, உங்களுக்குக் குடுத்து வராமப் போக?" பஞ்சையும் பாலிஷையும் பையில் போட்டபடியே குரலைத் தாழ்த்தினாள். "கீறல் போயிட்டா அடிக்கிறத நிறுத்திருவாரா?"

"பிள்ளை அவருகிட்ட இருக்கு" என்றாள் செல்வலட்சுமி.

அருணாதேவி மெத்தென்ற துடைக்கிற துணி நாலைந்தைக் கூடவே வைத்துக் கொடுத்தாள். வண்டியை முதலில் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவ வேண்டும், வெயிலில் வைத்துத் தேய்க்கக்கூடாது, துணி கீழே விழுந்தால் அதைத் திரும்ப எடுக்கவே கூடாது என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவளைப் பெற்ற வயிறு குளிர வேண்டும்.

திருத்தங்கல்லில் இறங்கித் தெருமுனைக்கு வரும்போதே சத்தம் கேட்டது. மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல். விழுந்தடித்து ஓடினாள்.

பக்கத்தில் வேலை நின்று காலியாகக் கிடந்த தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகைக்குள் காரைத் தள்ளி நிறுத்தி, சங்கிலிமுத்து டிக்கிமேல் குனிந்திருந்தான். டிங்கர் பட்டறையிலிருந்து பெரிய மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தான். அதன் மூக்கில் கம்பளிப் பஞ்சு. தொடாதே என்று கடைக்காரி சொன்னாளே, அதேதான். வண்டியைக் கழுவக்கூட இல்லை. வெள்ளைக் காம்பவுண்டு பாலிஷைச் சோற்றுக்கு மோர் ஊற்றுகிற மாதிரி ஊற்றி, தோளால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான். தங்கச்சிக்கு நல்லது செய்கிறானாம்.

"அண்ணே, நிறுத்து."

"நாலே நிமிஷம். அத்தனையும் வழிச்சு எடுத்துருதேன்."

அவள் வயரைப் பிடித்து இழுத்தாள். அவன் மறுபடி செருகப் போனான். அவள் மெஷினைப் பிடித்துத் தொங்கினாள். மூட்டை சுமந்து உரமேறிய அவன் கை அவளை உதறியது. அவள் அந்தக் கையைப் பிடித்துக் கடித்தாள், பல் இறங்குகிற மட்டும் கடித்தாள். வலி தாங்காமல் சங்கிலிமுத்து ஓங்கி ஒரு அறை விட்டான். அது வீங்கியிருந்த கண்ணிலேயே போய் விழுந்தது.

கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அண்ணனும் அடித்துவிட்டான். அதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

அவர்களுடைய அம்மா வேலுத்தாய் விளக்குமாற்றோடு வந்து மகனை விளாசு விளாசு என்று விளாசினாள். "அவன் வண்டிக்காக அடிச்சான். நீ எதுக்குலே அடிச்ச? நல்லது செய்யிறதுக்கா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். ஆறடி ஆள் கையைக் கட்டிக்கொண்டு அத்தனை அடியையும் வாங்கினான். கடிபட்ட இடத்திலிருந்து ரத்தம் சொட்டியது. அதைத் துடைக்கவும் இல்லை.

செல்வலட்சுமி எழுந்து போய் டிக்கியைத் தொட்டுப் பார்த்தாள். தோசைக்கல் சூடு. இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாய்ப் பனி மூடின மாதிரி ஒரு மப்பு விழுந்திருந்தது. குனிந்து பார்த்தாள். மப்புக்கு அடியில் கறுப்பு கெடாமல் இருந்தது. ஓரத்துக்கு இன்னும் நாலு விரற்கடை பாக்கி. இன்னும் ஒரு நிமிஷம் ஓடியிருந்தால் தீர்ந்தது கதை.

"தண்ணி கொண்டா" என்றாள் அண்ணனிடம். அதுதான் அவனுக்குக் கிடைத்த மன்னிப்பு. அன்றைக்கு ராத்திரி வரைக்கும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தான்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தாள். பானெட்டில் ஒரு முழம் அளந்து, சுற்றிலும் காகித டேப் ஒட்டினாள். கறுப்புப் பஞ்சில் சன்னப் பாலிஷை மொச்சைக்கொட்டை அளவுக்கு நாலு பொட்டு வைத்தாள். நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை, நிதானமாக. துடைத்துவிட்டு டார்ச்சை அடித்துப் பார்த்தாள். வளையங்களில் பாதி மங்கியிருந்தது. பாதி அப்படியே பல்லை இளித்தது. கை தானாக மஞ்சள் பஞ்சுக்குப் போனது. பிறகு கடைக்காரி சொன்னது ஞாபகம் வந்து, பஞ்சை மாற்றாமல் பாலிஷை மட்டும் மாற்றினாள். மறுபடி தேய்த்து, துடைத்து, டார்ச்சை அடித்தாள். ஒரு வளையம்கூட இல்லை. அந்த ஒரு முழத்துக்குள் கொட்டகைத் தகரமும் அதன் ஆணிகளும் எண்ணிவிடலாம் போலத் தெரிந்தன.

ஓவென்று அழுதுவிட்டாள். பிள்ளையைப் பாதி மீட்டாகிவிட்டது என்றே நினைத்தாள்.

அந்த வருஷம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொன்னவன் கிடையாது. மெஷின் நின்றுவிட்டால் கையால் தேய்த்தாள். ஓரங்களை மெஷின் இருந்தபோதுகூடக் கையால்தான் தேய்த்தாள். பஞ்சு அடைத்துக்கொண்டால் கழுவிப் பிழிந்து காயவைத்தாள். பிரபாகரன் முறுக்கி விட்டிருந்த வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. வெடிக் கம்பெனியில் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் சரவெடி பின்னிய கை அது, சளைக்கவில்லை. அண்ணன் போட்ட மப்புக்கு மட்டும் மஞ்சள் பஞ்சு தேவைப்பட்டது. மஞ்சளில் ஆரம்பித்து, கறுப்புக்கு இறங்கி, சன்னத்தில் கொண்டுவந்து முடித்தபோது, எந்த இடம் என்று சங்கிலிமுத்துவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கடைசிக் கதவையும் துடைத்து முடித்தாள். கறுப்புக் கதவில் அவள் முகம் தெரிந்தது. வண்டியில் ஒரு கோடு இல்லை. முகத்தில் இருந்ததெல்லாம் தெரிந்தது. பச்சையும் ஊதாவுமாய்க் கண், கிழிந்த உதடு, அண்ணன் விரல் அடையாளம். இருந்தாலும் அவளுக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சொல்லிக்கொள்ள ஒரு வேலையை முழுசாகச் செய்துவிட்ட சந்தோஷம். யாருக்காகச் செய்தோம் என்பதுகூட ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

நாலு மணிக்குப் பைக் சத்தம் கேட்டது. பிரபாகரன் தனியாக வரவில்லை. பானு பெட்ரோல் டேங்க்கின் மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளாகத் தலை வாரவில்லை. அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டியது. செல்வலட்சுமி ஓடினாள்.

"நில்லு. மொத வண்டி" என்றான். பைக்கைச் சாய்க்காமல் நடு ஸ்டாண்டில் நிறுத்தினான். பிள்ளையை டேங்க்கின் மேலேயே விட்டுவிட்டு இறங்கினான்.

காரைக் கொட்டகையிலிருந்து தெருவில் தள்ளி, வெயிலில் நிறுத்தச் சொன்னான். சங்கிலிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். தெருப் பொம்பளைகள் அவரவர் வாசலில் வந்து நின்றார்கள். பிரபாகரன் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான், சாய்ந்து பார்த்தான். மண்டியிட்டுப் பம்பருக்கு அடியில்கூடப் பார்த்தான். டாப்பைப் பார்க்க ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறினான். சாயங்கால வெயில் கறுப்பில் விழுந்து கண்ணைப் பறித்தது. வெயிலைச் சுற்றி ஒரு வளையம் இல்லை.

"எப்படி இருக்கு மாப்ளே" என்றான் சங்கிலிமுத்து, அடக்க முடியாமல்.

வண்டி இப்படி ஆனதற்குப் பிரபாகரன் முகம் மலர்ந்திருக்க வேண்டும். செல்வலட்சுமி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மலரவில்லை. கையில் வந்த மீன் நழுவிப்போன மாதிரி சுண்டிப்போயிற்று. இன்னும் ஒரு தடவை சுற்றி வந்தான், வேகமாக. குறை கிடைக்கவில்லை. தெரு மொத்தமும் அவனுக்குக் குறை கிடைக்காததைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பின்கதவுப் பக்கம் போனான். முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு குனிந்தான். கிறீச்சென்று ஒரு சத்தம். நிமிர்ந்தபோது அவன் கையில் பைக் சாவி இருந்தது.

"இது என்னது?" என்றான்.

கதவின் குறுக்கே ஒரு முழ நீளத்துக்குக் கோடு. ஆழத்தில் வெள்ளை தெரிந்தது. எந்தப் பஞ்சும் எந்தப் பாலிஷும் அதை ஒன்றும் செய்ய முடியாது. வாசலில் நின்ற பொம்பளைகளில் ஒருத்தி, "அட நாசமாப் போறவனே, எங்க கண்ணுக்கு முன்னாலயே" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு கோடு தெரிஞ்சாப் பிள்ளைய மறந்துருன்னு சொன்னேனா இல்லையா? நாளைக்கே திருப்பூர் பஸ்ஸு. உங்க அண்ணங்காரன வந்து வண்டிய ஆலங்குளத்துல விடச் சொல்லு." பைக்கை நோக்கி நடந்தான்.

செல்வலட்சுமி அந்தக் கோட்டைப் பார்த்தாள். ஐந்து வருஷமும் அந்த ஒரு கோட்டில் அவளுக்குப் புரிந்துபோயிற்று. குழம்பில் உப்பு கூடியது என்று அடித்தானே, உப்பு கூடவில்லை. எவனிடமோ சிரித்தாய் என்று அடித்தானே, சிரிக்கவில்லை. குற்றம் இல்லாவிட்டால் அவனே போட்டுக்கொள்வான். இந்த ஜென்மம் முழுக்க அவள் தேய்த்தாலும் அவன் கையில் ஒரு சாவி இருக்கும். பதறிக்கொண்டிருந்த நெஞ்சு அதோடு பதறுவதை நிறுத்திவிட்டது.

சங்கிலிமுத்து அவனை நோக்கி அடியெடுத்து வைத்தான். "அண்ணே" என்றாள். "அவரத் தொடாத. உன் டி.வி.எஸ்ஸ எடுத்து ஸ்டார்ட் பண்ணு."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஏன் என்று கேட்காமல் போனான்.

கொட்டகைக் கதவுக்கு அண்டையாகக் கிடந்த சுண்ணாம்புக் கல்லை அவள் இரண்டு கையாலும் தூக்கினாள். நல்ல கனம். தலைக்குமேல் ஏற்றி, பானெட்டின் நட்டநடுவில் போட்டாள். அவள் முதன்முதலில் தேய்த்துப் பார்த்த அந்த ஒரு முழத்திலேயே விழுந்தது. வெடி வெடித்த மாதிரி சத்தம். தகரம் குழிந்து பெயிண்ட் சில்லுச் சில்லாகத் தெறித்தது.

பிரபாகரன் திரும்பினான். ஒரு நொடி என்ன நடந்தது என்றே விளங்காமல் நின்றான். பிறகு, "ஏ முண்டை, கொன்னுருவேன்டீ" என்று ஓடிவந்தான். அவன் வந்து சேர்வதற்குள் அவள் கல்லை மறுபடி தூக்கி முன்கண்ணாடியில் எறிந்தாள். கண்ணாடி பொலபொலவென்று உள்ளே கொட்டியது. கல் ஸ்டியரிங்கில் மோதி ஹாரனில் சிக்கிக்கொள்ள, வண்டி நிற்காமல் ஊளையிட ஆரம்பித்தது.

அவன் கை அவள் கழுத்துக்குத்தான் நீண்டது. ஆனால் கண் வண்டியை விட்டு வரவில்லை. ஐந்து வருஷம் அவனோடு வாழ்ந்தவளுக்கு அவன் எதன் பக்கம் ஓடுவான் என்று தெரியாதா? காலடியில் கிடந்த அரைச் செங்கல்லை எடுத்து ஹெட்லைட்டில் வீசினாள். அதோடு அவன் அவளை விட்டான். "ஐயோ, ஐயோ" என்று பானெட்டின் மேல் குப்புற விழுந்து, இரண்டு கையையும் விரித்துக் காரைக் கட்டிக்கொண்டான். கண்ணாடிச் சில் குத்தி நெஞ்சில் ரத்தம் வந்தது. அது அவனுக்கு உறைக்கவே இல்லை.

செல்வலட்சுமி அவனைத் தாண்டிப் பைக்கிடம் ஓடினாள். பிள்ளை டேங்க்கை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணனின் வண்டியில் ஏறினாள்.

"எங்க தாயி?" என்றான் சங்கிலிமுத்து.

"சிவகாசி. மொதல்ல வக்கீலு, அப்புறம் மகளிர் ஸ்டேஷன். பிள்ளை இப்ப எங்கிட்ட இருக்கு. வண்டிய விடு."

வண்டி நகர்ந்தது. ஹாரன் சத்தத்துக்கு மேலே பிரபாகரனின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. "என் வண்டி, என் வண்டிய இப்படிப் பண்ணிட்டாளே" என்று மாரடித்து அழுதுகொண்டிருந்தான். மெயின் ரோட்டுக்குத் திரும்புகிற வரைக்கும் செல்வலட்சுமி காதைத் தீட்டிக் கேட்டாள். பிள்ளை பேரை அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.